கரி வண்டியும் காலை வணக்கமும்

எங்கள் மேனேஜர் தமக்கு வரவேண்டிய மரியாதையை, தினமும் முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே எங்களை வரிசையாக நிறுத்தி வாங்கிக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தார். அந்த ஏற்பாடு இருந்த வரைக்கும் பஸ் ஒரு நாளாவது நேரத்துக்கு மதுரை போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை.

சோழவந்தானில் எங்கள் பஸ் கம்பெனிக்கு ஒரு கிளை. ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி ஓர் அறை. அறையில் மேனேஜருக்கு நாற்காலி, எனக்கு முக்காலி. இன்டர்மீடியட் முடித்துவிட்டு உலகத்தையே திருத்திவிடுகிற வேகத்தில் இருந்த எனக்கு அங்கே டிக்கெட் கிழிக்கிற வேலைதான் கிடைத்தது. சரி, உலகத்தை இந்த மூலையிலிருந்து ஆரம்பிப்போம் என்று சேர்ந்துகொண்டேன்.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வருகிற வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். ஊரில் அதற்குக் கரி வண்டி என்று பெயர். அதைக் கிளப்புவது லேசான காரியமில்லை. இருட்டோடு எழுந்து நெருப்புப் போட வேண்டும். பக்கத்தில் இருக்கிற விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் நெருப்பும் ஓய்ந்துவிடும். கடைசியில் டிரைவர் குழாய் முனையில் ஒரு தீக்குச்சியைக் காட்டுவார். குப்பென்று நீலமாகப் பிடித்தால் வண்டி தயார். இல்லையென்றால் மறுபடியும் விசிறிதான்.

இத்தனை பாடும் வெற்றிலைக்காக. சோழவந்தான் கொடிக்கால்களில் கிள்ளிய இலை, ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு பஸ்ஸின் தலையில் ஏறி, காலைச் சந்தை கலைவதற்குள் மதுரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இலை துவண்டுவிடும். பஸ் சரிப்படாது என்று கொடிக்கால்காரர்களுக்குத் தோன்றினால் இருக்கவே இருக்கிறது ரயில்.

பழைய மேனேஜரை எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மகளோடு இருக்கப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு முதலாளி தம் இளைய மருமகனை மதுரையிலிருந்து அழைத்துவந்தார். மருமகன் அதுவரை ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. பெரிய குமாஸ்தா உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, வெளியே போனால் எழுந்து நிற்பது என்று எழுந்து எழுந்தே முழங்கால் தேய்ந்த மனிதர்.

முதலாளி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, என்னையும் ஒரு தளவாடமாக நினைத்து என் முன்னாலேயே சொன்னார்: "மாப்பிள்ளை, சித்திரைத் திருவிழா வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வெத்தலை ரயிலுக்குப் போயிருச்சுன்னா, நீங்களும் பழைய ஆபீசுக்கே போயிருங்க. நான் வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

மருமகன் வழக்கம்போல் எழுந்து நின்று தலையாட்டினார்.

மறுநாள் காலை அவர் கொட்டகைக்கு வந்தபோது, சாம்பல் நிறக் கோட்டும் அங்கவஸ்திரமுமாக அருமையாக இருந்தார். நான் துள்ளி எழுந்தேன். நான் எழுந்து என்ன செய்ய? விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் உருளைக்குள் தலையை விட்டிருந்ததால், புது மேனேஜருக்கு அவருடைய முதுகுதான் முதலில் அறிமுகமாயிற்று.

"யாருய்யா அங்க வெளிச்சத்தை மறைக்கிறது?" என்றது முதுகு.

அன்று மத்தியானமே மூன்று உத்தரவுகள் பிறந்தன. முதலாவது, இனி அண்ணே கிண்ணே கிடையாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அடுத்தது, மேசைமேல் ஒரு மணி வைக்கப்படும், அடித்தால் வர வேண்டும். மூன்றாவதுதான் வினை. காலையில் அவர் வந்து, எல்லோரும் வரிசையாக நின்று வணக்கம் வைத்த பிறகே நெருப்புப் போட வேண்டும். நெருப்புப் போட்டுவிட்டால்தான் ஒருத்தரும் நிமிர மாட்டேன் என்கிறார்களே!

டிரைவர் பெரிய மீசைக்காரர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆகட்டும் சார்" என்றார். வெளியே வந்து கண்டக்டரைப் பார்த்து, "வாங்க சார், டீ குடிப்போம்" என்றார்.

அவ்வளவுதான், கொட்டகையில் சாருக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. டீக்கடைக்காரர் சார். சக்கரத்தடியில் படுத்திருந்த நாய் சார். "சார், கொஞ்சம் எந்திரிங்க சார், வண்டி எடுக்கணும்" என்று டிரைவர் அதனிடம் பணிவோடு கேட்டுக்கொள்வார். நாயும் மேனேஜரைவிட நிதானமாகத்தான் எழுந்துபோகும். ரோட்டில் குறுக்கே வந்த ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் "சார், ஒதுங்குங்க சார்!" மேனேஜர் காதில் இதெல்லாம் விழும். ஆனால் எதைக் குற்றமென்று சொல்வது? கேட்ட வார்த்தையைக் கேட்டதற்கு மேலேயே அல்லவா கொடுக்கிறார்கள்!

மணியின் கதி இன்னும் மோசம். உள்ளே டிங் என்று கேட்டதும் டிரைவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார்.

"என்னய்யா அது?" என்று மேனேஜர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மணியடிச்சா கை தானா வந்துருது சார். சின்ன வயசிலேர்ந்து கோயிலுக்குப் போய்ப் பழகிட்டேன்."

இதெல்லாம் வேடிக்கை. காலை வரிசைதான் வேடிக்கையாக இல்லை. மேனேஜர் குளித்து, பூஜை முடித்து, கோட்டுப் பொத்தான் போட்டு வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். நாங்கள் ஆறிப்போன உருளைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். வணக்கம் முடிந்து, நெருப்புப் போட்டு, பாதி பிடித்த வாயுவோடு வண்டி முனகிக்கொண்டு புறப்படும். வழியில் வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

வெற்றிலையோடு தினமும் மதுரை போகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். சொந்தக் கொடிக்கால்காரி. அவள் பேச்சைத்தான் மற்ற கொடிக்கால்காரர்கள் கேட்பார்கள். இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் எங்கள் அறை ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு வணக்கம் வேணும்னா நான் ஒரு கூடை நிறைய வைக்கிறேன். எங்க இலையை விட்டுருங்க. இப்படியே போனா ரயில்லதான் ஏத்துவோம். வண்டி லேட்டாகுதுன்னு உங்க மாமனாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

மேனேஜரின் முகத்தில் சித்திரைத் திருவிழா வந்து நின்றதை நான் பார்த்தேன். ஆனாலும் வரிசையை விட மனசு வரவில்லை. "நாளைக்கு நானே வண்டியில வாரேன். எப்படி லேட்டாகுதுன்னு பார்த்துருவோம்" என்றார். அவர் டிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

எப்படி லேட்டாகிறது என்பதை அவர் முன் சீட்டில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தார். பாலத்து மேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். அவர் இறங்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்களும் இறங்கினா வண்டிக்கும் லேசு, எங்களுக்கும் லேசு" என்றாள் அந்த அம்மாள்.

இறங்கினார். என்ன தோன்றியதோ, கோட்டோடு பின்னால் வந்து எங்களோடு தோள் கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! அதிகாரி என்பவர் ஆட்களோடு சேர்ந்து பாடுபட்டால் அந்தக் கணமே அவர்கள் உள்ளத்தைக் கொள்ளைகொள்வார் என்று நான் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். உடனே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், கொள்ளை நடக்கிறதா என்று.

"சார், அங்க கை வைக்காதீங்க, சுடும்" என்றார் கண்டக்டர். அடுத்த நிமிஷம், "சார், காலை மிதிக்கிறீக." அதற்கும் அடுத்த நிமிஷம், "சார், நீங்க ஓரமா நின்னாலே பெரிய ஒத்தாசை."

வண்டி மேடேறியது. மேனேஜருக்குக் கோட்டில் கரி, உள்ளங்கையில் சூடு. மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. பத்திரிகைமேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மதுரைக்குப் போனபோது சந்தை கலைந்திருந்தது. வாசலில் முதலாளி நின்றிருந்தார். வெற்றிலைச் சுமை ஒவ்வொன்றாக இறங்கியது. அந்த அம்மாள் சாக்கை விலக்கி ஓர் இலையை எடுத்து முதலாளியின் கையில் வைத்தாள். அது ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

முதலாளி நேரே டிரைவரிடம் போனார். "ஏன்யா, தூங்கிட்டியா? முன்னெல்லாம் நேரத்துக்கு வந்தவன்தானே? வயசாயிருச்சுன்னா சொல்லிட்டுப் போயிர வேண்டியதுதானே. சாவியைக் கொடு. நாளைக்கு வேற ஆள் வருவான்."

டிரைவர் மீசையைத் தடவவில்லை. மேனேஜரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மருமகன் நாற்காலி காலி. அவர் சொல்லவில்லை. நான் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். கண்டக்டர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"மாமா" என்றார் மேனேஜர். "அவுக மேல தப்பில்லை மாமா. நெருப்புப் போட விடாம நிறுத்தி வச்சது நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"எந்திரிச்சு நிக்கிறதுக்கு."

"யாரு?"

"இவுக எல்லாரும்."

"யாருக்கு?"

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு" என்றார்.

மிச்சமிருந்த சந்தையே சிரித்தது. முதலாளிக்கும் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் மாமனார் என்கிற முறையில் அதை அடக்கிக்கொண்டார். "வெத்தலைக்கு அடுப்பு மூட்டச் சொன்னா, வணக்கத்துக்கு ஆளை நிறுத்துனீங்களா? அப்ப சித்திரை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். "சாவியை மட்டும் அவுகளுக்குக் கொடுத்துருங்க மாமா."

பேசியது வெற்றிலைக்கார அம்மாள்தான். "நாளைக்கு ஒரு நாள் உங்க வண்டியிலேயே ஏத்துறோம். உள்ளதை இம்புட்டுப் பேர் முன்னால சொல்ற மனுசனை இன்னிக்கே ஊருக்கு அனுப்பினா, நல்லாவா இருக்கும்? நாளைக்கும் துவண்டா ரயில்தான், ஆமா."

முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் குறுக்கே ஓர் எருமை வந்தது. டிரைவர் அதை வெறும் ஹாரனை அடித்தே விரட்டினார்.

மறுநாள் இருட்டோடு நான் கொட்டகைக்குப் போனபோது நெருப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கோட்டில்லாமல் வேட்டி சட்டையோடு வந்தார். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, கொட்டகை வாசலிலேயே தயங்கினார். யாரும் எழவில்லை. டிரைவர் விசிறியைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கண்ணே. அங்க நிக்காதீக, பொறி பறக்குது. இந்தப் பக்கம் வந்து உட்காருங்க" என்று காலால் ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டார்.

மேனேஜருக்குப் பழக்கம் விடவில்லை. "சார்னு கூப்பிடச் சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

"அதை நாய், ஆடு, மாடுன்னு எல்லாருக்கும் கொடுத்துட்டேன்ணே. உங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது இதுதான்."

அவர் பெட்டியில் உட்கார்ந்தார். டிரைவர் தீக்குச்சியைக் காட்டினார், குப்பென்று நீலமாகப் பிடித்தது. வெற்றிலை அன்றைக்குச் சந்தை கலைவதற்கு முன்னால் போய்விட்டது. சித்திரைத் திருவிழாவும் வந்து போயிற்று. கூட்டம் கூட்டமாக மதுரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனோம். நாற்காலியில் இன்னமும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்; என் முக்காலிதான் ஆடுகிறது. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், "பார்ப்போம் தம்பி" என்கிறார்.

மேசை மணியைக் கண்டக்டர் வண்டிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது பஸ் கிளம்புகிறபோது அதைத்தான் ஒரு தட்டுத் தட்டுகிறார். டிங் என்றதும் டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கொட்டகை வாசலில் நிற்கிற மேனேஜரும் போட்டுக்கொள்கிறார்.