வீடு பார்த்த பதினாறு வருஷம்

“...அதைத்தான்க்கா நானும் சொல்றேன், வீடு பாத்தேன்னு நீங்க சொன்னா, வீட்டுல சும்மா இருந்தீகன்னுதான் அவக எழுதிக்கிருவாக. மெட்ராஸ்ல இருக்கவகளுக்கு நம்ம ஊரு வீடு தெரியுமா, வீடு பாக்குறதுதான் தெரியுமா?” என்றாள் நெட் சென்டர்க்காரி.

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினுமாக அவள் நடத்துகிற கடை. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். என் போனை வாங்கி, விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். காலையில் வந்த ஒரு போனுக்குப் பிறகு எனக்குப் பேச்சே பாதியாகிவிட்டது. நான் பேச்சில் குறைந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருத்தி “வீடு பாக்குறா” என்றால் அது பிழைப்பு. நூறு கதவு வைத்துக் கட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, காற்றாட விட்டு, மறுபடி பூட்டி வைக்க ஒரு ஆள் வேண்டும். நான் அப்படிப் பதினாறு வருஷம் ஒரு வீட்டைப் பார்த்தேன். அதையே வெளியூரில் சொன்னால் வாடகைக்கு வீடு தேடினேன் என்றோ, என் வீட்டில் சமைத்துக்கொண்டு கிடந்தேன் என்றோதான் கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது, நாற்பத்தெட்டு வயதாகியும் எனக்குத் தெரியாமலே இருந்துவிட்டது.

அந்த வீட்டில் ஏழு பங்காளிகள். ஏழு பேருக்கும் ஒத்துவராமல் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு முடிகிறவரை வீடு பூட்டியே இருக்கட்டும் என்று ஆனதும், சாவிக்கொத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டியவர். இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகப் பாயோடு கிடக்கிறார். மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஆகவே எனக்கு வேலை வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வேலை இல்லை, இந்த மாதமே வேண்டும்.

மகள்தான் வேலை தேடுகிற ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். “அம்மா, இனிமே யாரு வாசல்லயும் போயி நிக்க வேணாம், வேலை தானா வரும்,” என்றாள். வந்தது. ‘ஹவுஸ்’ என்று ஒரு சொல்லை நான் போட்டு வைத்ததுக்கு, துபாயில் ஹவுஸ் டிரைவர் வேலை வந்தது. கோயம்புத்தூரில் வீடு விற்றுத் தருகிற வேலை வந்தது. பெங்களூரில் நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை வந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தேன். இந்தி தெரிய வேண்டுமாம். காலையில் கண் விழித்ததும் போன், அடுப்பு பற்ற வைத்ததும் போன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள் ஒருநாள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “கைக்குள்ளயே வேலை வருதுன்னாக, உனக்குக் கையத்தான் கீழ எறக்க முடியல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து இப்படி எதாவது விழும் என்றே நான் தினமும் வாசலில் நிற்பது உண்டு. அன்றைக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

இப்படி ஒன்றரை மாதம் தள்ளிய பிறகு, கண்டரமாணிக்கம் போகிற வழியில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக்கி நடத்துகிறார்களே, அங்கே மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று ஆப்பில் வந்தது. என் வாசலில் பஸ் ஏறினால் அரை மணியில் போய் இறங்கலாம். நேரே போய்க் கேட்டேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் நல்ல மனுஷன். “இங்க கேட்டா ஆகாதும்மா. எல்லாம் மெட்ராஸ் ஆபீஸு. போன்லதான் போடணும். எனக்கு லீவு வேணும்னாலும் போன்லதான் போடுறேன்,” என்றார். வீட்டுக்கு வந்து நானே எழுத்துக்கூட்டி நிரப்பினேன். அனுபவம் உண்டு என்று அழுத்தினால் கம்பெனிப் பெயர் கேட்டது. நான் பார்த்தது வீடு, அதற்கு ஏது கம்பெனி? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கோடு போட்டு மறித்தது. நாலைந்து தடவை முட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொன்றை அழுத்தினேன். சட்டென்று வழி விட்டது. அது ‘ஃப்ரெஷர்’, இதுவரை வேலையே பார்க்காத புது ஆள் என்று அர்த்தமாம்.

காலையில் வந்த போன் அந்த மெட்ராஸ் ஆபீஸிலிருந்துதான். சின்னப் பெண் குரல்.

“மேம், ப்ரொஃபைல்ல ஃப்ரெஷர்னு போட்டிருக்கீங்க. வயசு நாற்பத்தெட்டுன்னும் இருக்கு. ரெண்டுல எது கரெக்ட்?”

“வயசு கரெக்ட்தாம்மா. இன்னொண்ணு, அந்தக் கட்டம் அங்குட்டு நகர மாட்டேன்னுருச்சு.”

அந்தப் பெண் சிரித்த மாதிரி இருந்தது. “சரி, இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“வீடு பாத்துக்கிட்டு இருந்தேம்மா. பதினாறு வருஷம்.”

“ஓ, ஹோம்மேக்கர்.” தட்டுகிற சத்தம் கேட்டது. “அப்ப எக்ஸ்பீரியன்ஸ் ஜீரோதான் மேம். அஞ்சு வருஷமாவது கேக்கறாங்க. சாரி மேம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும். அதுக்குள்ள ப்ரொஃபைல்ல எதாவது மாத்துறதா இருந்தா மாத்துங்க, நான் இன்னொரு தடவை பாக்கறேன்.”

மரியாதையாகத்தான் பேசினாள். அதனால் கோபப்படக்கூட வழியில்லை. போனை வைத்த பிறகு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “போன்ல யாரு, வேலையா?” என்று வீட்டுக்காரர் பாயிலிருந்து கேட்டார். “இல்ல, ஜீரோ,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல என்னாலும் முடியவில்லை. பிறகு அஞ்சு மணி என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து, பஸ் பிடித்து நெட் சென்டருக்கு வந்தேன். சுவரில் மணி மூன்றேகால்.

அவளிடம் நடந்ததைச் சொன்னதற்குத்தான், முதலில் எழுதினேனே, அந்தப் பதில்.

“நீயே சொல்லுத்தா, நான் சும்மாவா இருந்தேன்?” என்றேன் கடைசியில். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நான் சொல்லி என்னக்கா ஆகப்போகுது? நீங்க சொல்லுங்க. என்னதான் செஞ்சீக அங்க?”

என்ன செய்தேன்? முன்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டாகக் கதவையெல்லாம் திறந்து போட்டேன். கரையான் வருகிறதா என்று தேக்கு நிலையைத் தட்டிப் பார்த்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடித்து, அவர்கள் மேலே ஏறினால் கீழே நின்று கத்தினேன். படைப்பு என்று குடும்பத்துப் பெரியவர்களுக்குப் படைக்கிற நாளில், ஏழு பங்காளிகள் வீட்டுச் சனமும் இருநூறு பேர் வந்து இறங்குவார்கள். பாய், தலையணை, தண்ணீர் லாரி, சமையல் ஆள், யாருக்கு எந்த அறை, யாரை யாருக்குப் பக்கத்து அறையில் போடக்கூடாது என்பதுவரை நான்தான். எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். சொல்லச் சொல்ல அலுப்பாக இருந்தது. செய்தபோது இவ்வளவு அலுப்பு இல்லை.

“இருநூறு பேரா?” என்றாள்.

“குழந்தை குட்டி சேக்காம.”

“இத்தனையும் செஞ்சுட்டு, போயி ஃப்ரெஷர்னு அமுக்கிட்டு வாரீகளேக்கா! பொண்ணு பாக்க வந்தவககிட்ட ஒண்ணும் தெரியாத புள்ளன்னு சொல்ற மாதிரி.”

பக்கத்தில் பரீட்சைக்கு விண்ணப்பம் போட நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வந்த வேகத்தில் போய்விட்டது. “விடுத்தா,” என்றேன். “இதுல கம்பெனிப் பேரு கேக்கும். எங்கிட்ட அது இல்ல. மறுபடி மறுபடி செவப்புக் கோட்டப் பாக்க என்னால முடியாது. நான் கெளம்புறேன்.”

“உங்களுக்குச் சம்பளம் யாரு குடுத்தாக?”

“ஏழு பேரும் சேந்துதான்.”

“அப்ப அந்த ஏழு பேருதான்க்கா கம்பெனி. உக்காருங்க.”

சொல்லிவிட்டு, நின்றிருந்த பெண்களிடம் அரை மணி கழித்து வரச் சொன்னாள். ஒருத்தி முனகினாள். அதைக் காதில் வாங்காமல் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்தாள். மேலே என் போட்டோ, அதற்குக் கீழே இங்கிலீஷில் அந்த ‘ஃப்ரெஷர்’. அதன் முடிவில், திரையில் மின்னுகிற சின்னக் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஏழு எழுத்தும் போய்க் கட்டம் வெறுமையானதும், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, “இப்பச் சொல்லுங்கக்கா, மொதல் வருஷத்துலருந்து,” என்றாள்.