ஓட்டுக்கு ஆடிய கூத்து

ஆர்மோனியம் வாசிக்கிறவன் சுதியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் நாடகக் கம்பெனி கண்டியில் வந்து கலைந்த பிறகு, பெட்டியைவிடச் சனங்களின் கேள்விகளைத்தான் நான் அதிகம் சுமந்திருக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு உண்டு என்று சர்க்கார் அறிவித்த சமயம் அது. தேயிலைத் தோட்டத்தில் கூட்டம் போட்டுப் பேச வெள்ளைக்காரத் துரைமார் விடமாட்டார்கள். கூத்து என்றால் விடுவார்கள். அதனால் டவுனிலிருந்த ஒரு சங்கத்தார், ஓட்டு லிஸ்டில் பேர் பதியும்படி சனங்களுக்குச் சொல்ல ஒரு கூத்துக் கட்டித் தரச் சொன்னார்கள். கம்பெனியில் மிஞ்சியிருந்தது நானும் பெண் வேஷக்காரன் ராமையாவும்தான். இருவரும் பெட்டியை மாற்றி மாற்றிச் சுமந்து மலையேறினோம். மேடை ஏறி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்கு விளங்கும்.

யானைக்குக் காய்ச்சல்

முதல் ஆட்டம் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில். என்ன கதை என்று துரை கேட்டதற்கு, "ராசா கதைங்க" என்றார் கணக்கப்பிள்ளை. அது பொய்யும் இல்லை. பிள்ளை இல்லாத ராஜா இறந்துபோகிறார். பட்டத்து யானை மாலையோடு புறப்பட்டு யார் கழுத்தில் போடுகிறதோ அவர்தான் அடுத்த ராஜா. எங்கள் கூத்தில் மட்டும் யானைக்குக் காய்ச்சல் வந்துவிடும். மந்திரியாகிய நான், "இந்த முறை குடிமக்களே மாலை போடுங்கள்" என்று பாடுவேன். வெள்ளையம்மா என்ற குடியானவப் பெண்ணாக ராமையா வந்து, லிஸ்ட் எழுதும் சர்க்கார் கிளாக்கரிடம் பேர் பதிவது எப்படி என்று நடித்துக் காட்டுவான். கிளாக்கரும் நான்தான், தலைப்பாகையைக் கழற்றிவிட்டால் மந்திரி கிளாக்கராகிவிடுவார்.

பேர் பதிய என்னென்ன வேண்டும் என்பதைக் கடைசியில் பாட்டாகவே சொன்னேன். அதில், ஐந்து வருஷம் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று ஓர் அடி வரும். அந்த அடி முடிந்ததும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாக எழுந்தார். "ஐயா, மால போடக் கெளம்புற யானகிட்ட, நீ இந்த நாட்டுல அஞ்சு வருசம் இருந்தியான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

முதலாளி வீட்டுத் திரை

கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் துணிக்கடை முதலாளி எங்களுக்கு நல்ல சிவப்புத் திரை ஒன்றை இரவல் கொடுத்தார். அவருடைய கடைக்குப் பின்வளவில் ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் திரையைக் காணோம். முதலாளி வீட்டுப் பெண்கள் மறைவிலிருந்து பார்ப்பதற்காக அதை எடுத்துச் சமையல் செய்யும் குசினி வாசலில் கட்டிவிட்டார்கள். ராமையா தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால், குசினி வாசலுக்கு நேரே குந்தியிருந்து சேலை கட்டினான். அன்று சிரிப்பு முழுவதும் குசினி வாசலிலிருந்துதான் வந்தது. முன்னால் கதிரைகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எதற்குச் சிரிப்பு என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது முதலாளி என்னைக் கடைக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். சந்தோஷமா கோபமா என்று முகத்தில் பிடிபடவில்லை. "தம்பி, போன கிழம வரைக்கும் எங்கட ஊட்டுல ஒரே பேச்சு, அது என்ட பேச்சு. இப்ப உம்மாக்கு ஒரு ஓட்டு, பொண்டாட்டிக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு, மூணும் மூணு பக்கம் இக்கிது. நீங்க ஆடிட்டுப் போயிட்டீங்க."

முக்கால் ஓட்டு

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆட்டம் முடிந்து பெட்டியை மூடும்போது, கொழுந்து பறிக்கிற மாரியாயி வந்து நின்றாள். தோட்டத்து வரிசை வீடான அவளுடைய லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கங்காணியிடம் சொன்னால், "ஒம் புருசன வரச் சொல்லு" என்பாராம். புருஷன் போனால், "பாப்போம்" என்பாராம். இரண்டு மழைக்காலம் இப்படியே போய்விட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆம்பளைக்கு ஒரு ஓட்டு என்றால் பொம்பளைக்கு முக்கால் ஓட்டா என்று கேட்டாள். கூலி அப்படித்தான், அதனால் கேட்கிறேன் என்றாள்.

இல்லை, முழு ஓட்டுதான் என்றேன். அவள் நம்பவில்லை. ராமையாவிடமும் கேட்டாள், பிறகு கோயில் பூசாரியிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கிளாக்கர் அந்தத் தோட்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வருவார், பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான், அன்று விட்டால் போச்சு என்று எச்சரித்தேன். அவள் லயம் லயமாகப் போய் இருபத்திரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டாள். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவள் சொன்னது இதுதான்: "ஆம்பளைக்கும் எனக்கும் ஒரே அளவா குடுக்கிறது இந்த ஒண்ணுதாங்க. இத விட்டுட்டு நான் வேற எதுக்குக் காத்திருக்க?"

முந்தானை

கிளாக்கர் வந்த அன்று, நாங்கள் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் நாங்களும் போனோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் மேசை போட்டு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் காலையிலேயே பதிந்துவிட்டு மேல்மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் பெண் பேர் சொன்னாள், வயது சொன்னாள். புருஷன் பேர் என்ன என்று கேட்டதும், முந்தானையைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றுவிட்டாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே.

பிழை எங்களுடையது. புருஷன் பேரை மேடையில் சொன்னால் சனங்கள் அடிக்க வருவார்கள் என்று, அந்த இடத்தில் ராமையா முந்தானையைக் கடித்துக்கொண்டு நெளிவான். ஊருக்கு ஊர் கைதட்டல். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். இந்தப் பெண்கள் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கிளாக்கர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, பேர் இல்லாமல் பதியேலாது. அது கிடக்கட்டும், எல்லாரும் ஏன் சீலைத் தலைப்பைக் கடிக்கினம்?"

கடைசி ஆள்

வழி கண்டுபிடித்தவள் மாரியாயிதான். முன்னால் நிற்கிறவளின் புருஷன் பேரைப் பின்னால் நிற்கிறவள் சொல்லட்டும் என்றாள். பிறகென்ன, மடமடவென்று வேலை நடந்தது. பேரோடு பட்டப்பேரும் வந்தது, குடித்துவிட்டு விழுந்த கதையும் வந்தது. கிளாக்கர் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். பதிந்தவள் பதிந்தவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினாள். எல்லோரையும் முன்னால் விட்டு மாரியாயி கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது வேலைக்கு மணியும் அடித்துவிட்டது. அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. எனக்கோ ராமையாவுக்கோ அவள் புருஷன் பேர் தெரியாது. மேல்மலைக்குப் போய்க் கேட்டு வர நேரம் இல்லை.

கிளாக்கர் புத்தகத்தை மூடக் கை வைத்தார். "ஓட்டு எனக்குத்தானே ஐயா, அவரு பேரு எதுக்கு?" என்று மாரியாயி கேட்டாள். அவர் படிவத்தில் விரல் வைத்துக் காட்டினார். "படிவத்தில கேட்டிருக்குது பிள்ளை" என்றார் மெதுவாக. அவள் மலையை ஒரு தரம் பார்த்தாள். கைகூப்பி என்னவோ முணுமுணுத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, "வேலாயுதம்" என்று களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ராமையா வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளாக்கர் எழுதி முடித்து ரேகை வைக்கச் சொன்னார். பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "பேரச் சொன்னா புருசன் ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் வளத்தாங்க. சொல்லிட்டேன். இனி அவரு ஆயுசுக்குச் சர்க்கார்தான் பொறுப்பு, அதையும் எழுதிக்குங்க."

இத்தனை வருஷம் மேடை ஏறியதில் நான் கண்டது, நாம் சொல்லிக்கொடுத்ததைச் சனங்கள் பிழையாகவும் சொல்லிக்கொடுக்காததை மிகச் சரியாகவும் செய்துவிடுகிறார்கள் என்பதுதான்.