எச்சில் படாத மைக்கு

பாண்டீஸ்வரி ஒலிபெருக்கியில் வாய் திறந்தால் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறுகிற ஜீப்பெல்லாம் அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நின்றது ஒரே ஒரு ஜீப்பு. அதுவும் டீசல் தீர்ந்து.

ஆனால் நல்ல குரல். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடியேற்றம், துக்க அறிவிப்பு என்று போடித் தெருக்களில் ஆட்டோவில் கட்டிய குழாய் அலறுவதில் பாதி, அவள் கைபேசியில் பேசிக் கொடுத்ததுதான். இப்போது மதுரையில் ஒலிப்புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தது. கைபேசிப் பதிவு ஆகாது, நல்ல மைக்கில் வாசித்து நாளை மதியத்துக்குள் அனுப்பு, பிடித்தால் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பின்கட்டு அறையில் ஏலக்காய்ச் சாக்குகளைச் சுவர் நெடுகத் தொங்கவிட்டாள். எதிரொலி அடங்கியது. மைக்குதான் பாக்கி.

சவுண்டு சர்வீஸ் மொய்னுதீன் கடையில் இரண்டு இருந்தன. முதலாவது மேடை மைக்கு. வாயருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். பஞ்சு உறையில் வெற்றிலையும் ஊசிப்போன குருமாவும் கலந்த வாடை. வலைக்கண்ணில் சிவப்பாகக் காய்ந்த திப்பி.

"ச்சீ! எத்தன பேரு எச்சி பாய் இது?"

"கல்யாணம், காதுகுத்து, எலெக்சன்... ஊரு எச்சி ஆத்தா. தனித்தனியாவா பிரிச்சுச் சொல்ல முடியும்?"

இரண்டாவது, ஸ்டுடியோவில் வைக்கிற கண்டென்சர் மைக்கு. உறை பிரிக்காத புதுசு. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றதும் அதை வாங்கி வந்தாள்.

பேசுவதற்கு முன்னால் கன்னத்தில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொள்வது அவள் வழக்கம். அப்படியே ஒரு பக்கம் வாசித்துவிட்டு ஹெட்போனில் கேட்டாள். சளக், புளிச், மடக். சேற்றில் எருமை நடப்பதுபோல அவள் எச்சில் கதைக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. ஏலக்காயைத் துப்பி, வாய் கொப்பளித்து, மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை கொல்லையில் புருஷன் தங்கபாண்டி காறித் துப்பியது முழுசாக விழுந்திருந்தது, சளி தரையில் பட்ட சத்தம் வரைக்கும். மைக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள்.

"இந்தக் கருமம் வேணாம் பாய். ஊர்ல யாரு காறுனாலும் எங் காதுக்குள்ள வந்து துப்புது."

"அது அப்புடித்தான் ஆத்தா, எல்லாத்தையும் இழுக்கும். மேடை மைக்குன்னா வாய்கிட்ட உள்ளத மட்டும் எடுக்கும். தலையக் கழத்திக் கழுவிக்க."

வேறு வழியில்லை. மேடை மைக்கையே மாற்றி வாங்கி வந்தாள். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வலைத்தலையைத் திருகி எடுத்தாள். பழைய உறையைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டாள். வெந்நீர், சோப்பு, தேய்ந்துபோன பல் பிரஷ். முதல் தண்ணீர் இறங்கிய நிறத்தைப் பார்த்ததும் அன்றைக்குச் சோறே வேண்டாமென்று ஆகிவிட்டது. நன்றாகக் காயவைத்துப் புது உறை மாட்டி, மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து வாசித்து அனுப்பினாள்.

மாலையில் பதில் வந்தது. பதிவு சுத்தமாக இருக்கிறது, வேலை உங்களுக்குத்தான்.

"பாத்தீகளா," என்றாள் தங்கபாண்டியிடம், மைக்கைத் தடவிக்கொண்டே. "கழுவுனதுக்கப்பறம் எம் எச்சியத் தவிர ஒரு பய எச்சி இதுல படல."

தங்கபாண்டி வாயிலிருந்த புகையிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"அப்புடிச் சொல்லாத. காலையில நீ குளிக்கப் போனப்ப 'அலோ, அலோ'ன்னு மொதல்ல பேசிப் பாத்ததே நாந்தான்."