விடுபட்ட ஏழாம் பக்கம்

வீடு வாங்கித் தரும் சட்டத்தரணி இன்சூரன்சும் எடுத்துத் தரலாம். ஆனால் அதில் தான் பெரிய கெட்டிக்காரன் இல்லை என்று முதலில் அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டன் ஹரோவில் பத்து வருடமாக ஒப்புக்கொண்டு வருகிறேன். விதிகளை வாசித்துக் காட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்காவது என் நிலைமை புரியும்.

வாக்குமூலம்

சிவநேசன் அண்ணை ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஹவுன்ஸ்லோவில் மச்சான் வீட்டு ஒற்றை அறையில் மனைவி, இரண்டு மகள்களோடு இருந்தார். பிள்ளைகள் படிக்க ஒரு மேசை போடவும் இடமில்லை. அவர் வாங்க நினைத்த வீட்டில் கவுன்சிலின், அதாவது நகரசபையின், அனுமதிப் பத்திரம் இல்லாமல் கட்டிய ஒரு சமையல் குசினி இருந்தது. பிறகு கவுன்சில் பிரச்சினை பண்ணினால் நட்டத்தைத் தாங்க ஒரு இன்சூரன்ஸ் போதும் என்றேன். நாங்கள் இன்சூரன்ஸ் நிபுணர்கள் அல்ல, எல்லாக் கம்பெனிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை என்று விதிப்படி வாசித்தும் காட்டினேன். அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப தம்பி, உங்களுக்கு என்னதான் தெரியும்?”

பொருத்தம்

இந்த இன்சூரன்ஸ் இவருக்கு ஏன் பொருந்தும் என்று எழுதிக் கொடுப்பதும் விதி. நானோ பழைய கடிதமொன்றில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். அண்ணை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். மறுநாளே போன் வந்தது: “தம்பி, நான் வாங்கிறது தனி வீடு. இதில நாலாம் மாடி எண்டு கிடக்கு, அது ஆருடைய மாடி?”

ஏழாம் பக்கம்

திருத்திய கடிதத்தை அவசரமாக அனுப்பியதில் ஏழாம் பக்கம் விடுபட்டுப்போயிற்று. குசினியைப் பற்றிக் கவுன்சிலிடம் யாரும் மூச்சு விடக்கூடாது, விட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்ற நிபந்தனை அதில்தான் இருந்தது. வாயாலும் நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் வேலி போடவும் நகரசபையைக் கேட்டுப் பழகிய மனிதர், நேரே கவுன்சிலுக்குப் போய் விசாரித்துவிட்டு என்னிடம் சந்தோஷமாக வந்தார். “எல்லாம் விளக்கமாச் சொல்லிப்போட்டன் தம்பி. அவை வந்து பாக்கினமாம்.”

கடைசி விதி

இன்சூரன்ஸ் போயிற்று. வீட்டை விற்கவிருந்தவர், கவுன்சிலைக் கூட்டிவந்துவிட்டார்களே என்ற கோபத்தில் விற்க மறுத்துவிட்டார். பிள்ளைகள் அந்த ஒற்றை அறையிலேயே இருந்தார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. தவறு என்னுடையது, நீங்கள் என்னிடம் நட்டஈடு கேட்கலாம், அதற்கு வேறு சட்டத்தரணியைப் பாருங்கள் என்று சொல்வதும் விதிதான். சொன்னேன். அப்படிக் கேட்டால், தொழிலில் நான் விடும் தவறுகளுக்காக எனக்கென்று எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கும் என்றும் சொன்னேன். அண்ணை திட்டவில்லை. “உங்கட இன்சூரன்சை ஆர் எடுத்துத் தந்தது? நானும் அவரிட்டையே போறன்” என்றார்.

பத்து வருடத்தில் நான் பார்த்து எடுத்த இன்சூரன்ஸ்களில் ஆளுக்குச் சரியாகப் பொருந்தியது எனக்கு எடுத்தது ஒன்றுதான்.