காணாமல் போன 384

"இதுலேர்ந்து மெமரியை யாரு எடுத்தா?"

தி.நகர் கடை கவுண்டரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார். உள்ளே பெஞ்சில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அந்த அம்மா மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று அவர் கொண்டுவந்ததை இரண்டு நாள் முன்பு சரிசெய்து கொடுத்தவன் நான்.

"எட்டு எம்பின்னு பிள்ளை அமெரிக்காவுலேர்ந்து வாங்கிண்டு வந்தான். ரிப்பேருக்குக் குடுத்து வாங்கினா, ஆன் பண்றச்சே திரையில ஓடற மெமரி எண்ணைப் பாருன்னு போன்ல சொன்னான். ஒரு எம்பிக்கு 1024 கேபி, எட்டு எம்பின்னா 8192 காட்டணுமோல்லியோ? 7808-ல நின்னுடறது. பாக்கி 384 எங்கே? நல்லதை எடுத்துண்டு ஓட்டையைப் போட்டுட்டேளா?"

கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மெமரி கார்டைத் தங்கம் மாதிரி பொத்திப் பாதுகாத்த காலம். அதை மாற்றிப் போடுகிற ஆட்களும் ஊரில் இருந்தார்கள்.

முதலாளி கரீம் பாய் உள்ளே வந்தார். "ஏழுமலை, இன்னாபா இது? மெஷின கைல வாங்கும்போது எவ்ளோ காட்டுச்சு, ஜாப் கார்டுல எழுதிக்கீறியா?"

எழுதவில்லை. கஸ்டமர் முன்னாலேயே ஆன் செய்து, திரையில் வரும் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்குருவில் கை வைக்க வேண்டும் என்பது கடை வழக்கம். அந்த அம்மா அவசரமாக இருந்தார். நிற்கச் சொல்ல எனக்குக் கூச்சம். விட்டுவிட்டேன்.

"நான் உன்ன நம்புறேன். அவங்க நம்பணுமே? பேர் கெட்டா உன்ன வச்சிக்க முடியாது நைனா."

அந்த லேப்டாப்பில் மெமரி கார்டு கீபோர்டுக்கு அடியில் இருக்கும். கழற்றியதும் நான், திரும்பப் போட்டதும் நான். ஆனால் 384 என்று ஒரு கார்டே கிடையாது. எடுக்கிறவன் இரண்டோ நாலோ எம்பி முழுசாகத்தான் எடுக்க முடியும். இது எனக்குத் தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை.

பேசுவதற்குப் பதிலாக, பெஞ்சில் இருந்த வேறொரு லேப்டாப்பை ஆன் செய்தேன். நாலு எம்பி, 4096 வரவேண்டும். 3712-ல் நின்றது. பேப்பரில் கழித்துப் பார்த்தேன். 384. பக்கத்தில் இருந்த டெஸ்க்டாப்பையும் போட்டேன். அதிலும் 384.

உடம்பு சிலிர்த்துவிட்டது. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஊரில் செய்த மெஷின்கள். எல்லாம் பேசி வைத்ததுபோல ஒரே அளவை ஒதுக்கி வைத்திருக்கின்றன.

பேப்பரை அந்த அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று கழித்தலையும் சரிபார்த்தார். "ஆச்சரியமா இருக்கே," என்று உள்ளே வந்து என் பெஞ்ச் பக்கத்திலேயே நின்றார்.

அவர் லேப்டாப்பில், மெஷினின் உள் ஏற்பாடுகளை மாற்றுகிற செட்டப் திரையைத் திறந்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. ரோம் என்று இருந்த வரியில், அதற்கு அடுத்த வார்த்தையில் விரல் வைத்தேன். "அம்மா, இது இன்னா வார்த்த?"

"ஷேடோ. நிழல்."

எதனுடைய நிழல்? சட்டென்று ரோம் சிப் ஞாபகம் வந்தது. மெஷினை எழுப்புகிற பாடம் எல்லாம் அந்தச் சிப்பில்தான் இருக்கும். அதன் முதுகில் 150 என்று எழுதியிருக்கும். மெமரி சிப்பில் 70. எண் குறைந்தால் வேகம் கூடுதல். நூற்றுக்கணக்கில் கையில் எடுத்துப் பார்த்த எண்கள்.

அந்த நிழலை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன். எண் ஓடியது. 7808-ஐத் தாண்டி 8192-ல் வந்து நின்றது.

"வந்துடுத்து!" என்றார் அந்த அம்மா.

ஆனால் அடுத்து எழுத்துகள் திரையில் ஒவ்வொரு வரியாக ஊர்ந்து வந்தன. இதுவரை சட்டென்று வந்தவை. "ஏன் இப்படி நொண்டறது?" என்றார்.

எனக்குத் தெரிந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். "ரோம் மெதுவாத்தாம்மா படிக்கும். அதனால மெஷின் முழிச்ச உடனே அந்தப் பாடத்த வேகமான மெமரில காப்பி எடுத்துக்குது. அதுக்குன்னு ஒரு இடத்த நமக்குக் காட்டாம ஒதுக்கி வச்சிக்குது. அதான் 384."

அவர் திரைக்கு இன்னும் அருகே குனிந்தார். "நாம ஒரு வார்த்தை அடிக்கறதுக்கு முன்னாடியே தன் பாடத்தைத் தானே எழுதிண்டுடறதா? திரும்ப வச்சுடுங்கோ. அதோட இடம் அதுக்கே இருக்கட்டும்."

பிறகு கவுண்டருக்குப் போய், முதலில் கேட்ட அதே குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவர் எதையும் எடுக்கலை. தெரியாம சொன்னது நான்."

கரீம் பாய் டீ சொல்லி அனுப்பினார். கூச்சத்தில் நான் தலையைத் தூக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். இருக்க வேண்டியது இல்லை என்று யாராவது சொன்னால், நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்வதற்கு முன் பக்கத்து மெஷினையும் போட்டுப் பாருங்கள். அதுவும் அதே எண்ணில் நின்றால் அங்கே திருடன் இல்லை. நமக்குத் தெரியாத ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.