அண்ணன் கொண்டுவந்த ஊசிப் பெட்டி

வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்தால் ஏழை நாட்டில் நடுத்தர வர்க்கம் வளருமா என்று டி.வி.யில் வாதாடுகிறார்கள். வளரும். என் அண்ணன் வளர்ந்தானே.

அறுபதுகளில் தையல் மிஷின் ஊசிகூட வெளியிலிருந்து வராது. இங்கே ஊசி செய்த கம்பெனி ஒன்றில் அண்ணன் குமாஸ்தா ஆனான். பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்திலேயே இருந்தவன் வசதியான மாட்டுங்காவுக்குக் குடிபோனான். ஃபேன், கைக்கடிகாரம், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. நான் அதே சந்தில் ஒரு சேட்டின் கடைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தையலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

வருஷா வருஷம் பிறந்த வீட்டுச் சீராக அண்ணன் எனக்குப் பொங்கல்படி கொண்டுவருவான். அரிசி, கரும்பு, மஞ்சள்குலை, அவற்றின் மேல் கம்பெனி ஊசி ஒரு பெட்டி. பொங்கல்படியைத் திருப்பினால் பிறந்த வீட்டையே வேண்டாம் என்றதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைப்பேன்.

ஊசியா அது? முனையெல்லாம் பிசிறு. டெரிலின் துணியில் இறங்கினால் இழையைப் பிடித்து இழுக்கும். கடையில் கேட்டாலும் அதே ஊசிதான். இன்னொரு சட்டை கெட்டால் வேலை பந்த், இனி துணியே தரமாட்டேன் என்று சேட் சொல்லிவிட்டார். ஊசியைப் பற்றி அண்ணனிடமே கேட்க மாட்டுங்காவுக்குப் போனேன்.

அண்ணன் ஈசிசேரில் சாய்ந்தபடி எனக்குப் பாடம் நடத்தினான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோட்டி. நம்ம கம்பெனி பொழைச்சாத்தான நம்ம மாதிரி ஆளுவ மேல வர முடியும்?"

"நீ வந்துட்டண்ணே. நான் எப்ப வாரது?"

அவன் பேப்பரை விரித்துக்கொண்டான். ஜன்னலோரம் அண்ணன் பெண்டாட்டி, என் மைனியின் மிஷினில் பட்டு ஜாக்கெட் ஒன்று பாதி தைத்துக் கிடந்தது. தையலைத் தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூட இழுபடவில்லை.

"இது எந்த ஊசி மைனி?"

மைனி வெள்ளந்தி.

"விலாயதி ஊசி, வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் டாக் பக்கம் யார்கிட்டயோ சொல்லி ஒங்க அண்ணன்தான் வாங்கிட்டு வந்தாவ. கம்பெனி ஊசி பட்டுக்கு ஆவ மாட்டேங்குன்னு அவியளே சொன்னாவ."

எனக்கு அத்தனை ஆத்திரம். மிஷின் திருகைத் தளர்த்தி அந்த ஊசியை உருவி, முந்தானையில் குத்திக்கொண்டேன்.

"படி கெடைச்சிட்டுண்ணே. இனி பொங்கலுக்கு வராண்டாம்."

சேட்டின் சட்டைகளை அந்த ஊசியில்தான் முடித்தேன். வேலை நிலைத்தது. அடுத்த பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை.