தலையணை உறைக்குள் ஐந்து மாத்திரைகள்

ஈர வேப்பிலை வாசனை எங்கே வந்தாலும் என் நடை நின்றுவிடும். அடி அண்ணாமலைப் பக்கம் மழை விட்டதும் நடந்தால் போதும், எட்டு மாத வயிறு திரும்ப வந்து எனக்கு முன்னால் நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி. முதலில் காய்ச்சல். மறுநாள் குளிக்கும்போது தொப்புளுக்குப் பக்கத்தில், நீர் கோத்த ஒரு சின்னக் கொப்புளம். விரலால் தொட்டேன். உள்ளேயிருந்து குழந்தை அதே இடத்தில் உதைத்தது.

டாக்டரம்மா என்னைத் தனியறையில் உட்காரவைத்துப் பார்த்தார். சின்னம்மை. கடைசி மாதங்களில் அது நுரையீரலுக்குப் பரவினால் தாய்க்கு ஆபத்து என்றார். அசைக்ளோவிர் (அம்மை வைரஸ் பெருகாமல் தடுக்கும் மாத்திரை) எழுதித் தந்தார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள்.

"குழந்தைக்குப் போகுமா டாக்டர்?"

"போகும்" என்றார். ஒளிக்கவில்லை. "நஞ்சுக்கொடியில உன் ரத்தமும் அதோட ரத்தமும் கலக்காது. நடுவுல மெல்லிசா ஒரு தோல்தான். சத்து போற மாதிரி இந்த மருந்தும் அந்தப் பக்கம் போயிடும். உனக்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு."

"கெடுதல் பண்ணுமா?"

"இதுவரைக்கும் அப்படித் தெரியல. எல்லாம் தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு மூச்சு கம்மியானா அதுக்கும் கம்மியாகும்மா. இருமலோ இளைப்போ வந்தா உடனே வந்துடு."

என்னைப் பார்த்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், வந்தார், மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு. அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. என் கணவருக்கு வந்ததில்லை. வேங்கிக்கால் ஆபீசிலிருந்து திரும்பி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

"உள்ள வராதடா" என்பார் அக்காக்காரி. "உனக்கும் வந்துச்சுன்னா ஊர்ல வேப்பமரம் பத்தாது."

வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. மாத்திரையைப் பார்த்ததும் அண்ணியின் முகம் மாறியது. "அம்மா வந்திருக்கிற வீட்டுல மாத்திரையா?"

அந்த ஒரு கேள்வி எனக்கு வசதியாகப் போயிற்று. உண்மையில் நான் பயந்தது அந்த மெல்லிய தோலை நினைத்துத்தான். ஒவ்வொரு வேளையும் மாத்திரையைக் கையில் வைத்துப் பார்ப்பேன். நான் முழுங்குவது, இன்னும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒன்றுக்கும் போய்ச் சேரும். வாய்வரை கொண்டுபோய், தலையணை உறைக்குள் தள்ளிவிடுவேன்.

மறுநாள் வறட்டு இருமல். கொல்லைப்பக்கம் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. அண்ணி படுக்கையையும் தலையணையையும் உதறினார். ஐந்து மாத்திரைகள் தரையில் உருண்டன.

"என்னடி இது?"

"உங்களுக்குப் பிடிக்கலன்னு, அண்ணி..."

"எம்மேல பழி போடாத. நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீ முழுங்கியிருந்தா உன் வாய்ல கைய விட்டா எடுத்திருப்பேன்?"

அழுதுவிட்டேன். "குழந்தைக்குப் போகுதாம் அண்ணி."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்புளங்கள் இல்லாத ஓரிடம் தேடி வயிற்றில் கை வைத்தார். "போகாம? நீ துன்ற சோறு போகுது. உன் காய்ச்சல் போகுது. இது மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமே நிக்குமா?"

பிறகு ஒரு மாத்திரையை எடுத்துப்போய் மஞ்சள்நீர்ச் சொம்புக்கு முன்னால் வைத்து ஏதோ முணுமுணுத்தார். திரும்பி வந்து நீட்டினார்.

"அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னா சொல்லியிருப்பா. முழுங்கு."

முழுங்கினேன். அப்போதே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட டாக்டரம்மா, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்றார். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

இதே நிலையில் இருப்பவளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரிடம் போ. பயத்தையும் அங்கேயே சொல்லிவிடு. நான் ஒளித்துவைத்ததில் ஒரு நாள் வீணானது. அது பெரிய நாள்.

அதன்பிறகு என் பொழுதுக்குக் காலை மாலை இல்லை, ஐந்து விழுங்கல்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று காத்திருப்பேன். குறையில்லாமல் பிறந்த மகள் இப்போது என்னைவிட உயரம். இன்றைக்கும் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது.

கொப்புளங்கள் உலர்ந்து, மூன்றாம் தண்ணீர் (அம்மை இறங்கியபின் மூன்றாவது தலைக்குளியல்) ஊற்றிய அன்று அண்ணி பையை எடுத்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அம்மையும் கூடவே திரும்பி வந்துவிடும் என்று பயம். பேசாமல் படியிறங்க வேண்டும். அவரும் இறங்கினார். தெருவில் நின்றார். பிறகு திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், என் வயிற்றுப் பக்கமாகக் குனிந்தார்.

"நான் வரேன்னு சொல்லக்கூடாது. நீ வந்துடு, கண்ணு."